சென்னை கண்ட வங்க வீரர்: பங்கஜ் ராய்

டெஸ்ட் பந்தயங்களில் பங்கஜ் ராய் அடித்த சதங்கள் மொத்தம் ஐந்து. அவற்றுள் ஒன்று பம்பாயில். ஒன்று ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில். ஒன்று அவர் பிறந்து வளர்ந்த கல்கத்தாவில். எஞ்சிய இரண்டும் நம் சென்னையில் அடிக்கப்பட்டவை. அவ்விரண்டும் சாமானியமான சதங்கள் அல்ல. முதலாவது, டெஸ்ட் பந்தயம் ஒன்றில் இந்தியா முதன் முதலாக வெற்றி கண்ட 1952ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பிறந்தது. இரண்டாவது, 1956ஆம் ஆண்டில் வினூ மன்கட்டுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு அவர் 413 ரன் குவித்த பந்தயத்தில் பிறந்தது. அந்த 413, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் உலகச் சாதனையாக நிலைத்து நின்றது.

பிழைப்பின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்திலும் பிறவிடங்களிலும் குடியேறி, இன்றும் பழக்கத்தினால் கல்கத்தா என்றே நாம் அழைக்கும் இந்தக் கொல்கத்தாவையே ஊராகக் கொண்டுவிட்ட தமிழராகிய நமக்கு இச்செய்தி தனிப்பட்ட மகிழ்ச்சி தருவதாகும். நம்மவர் இங்கு வந்து உழைத்து நற்பெயர் எடுத்தனர். இவ்வூர்க்காரர் ஒருவரோ நம் ஊருக்குச் சென்று தம் வாழ்நாளின் மிகப் பெரிய பெயரை எடுத்தார். ஆகவே நம் ஆண்டு விழா மலரில் அவரை நினைவு கூர்வது பொருத்தமே.

ஆயினும் இதனை வெறும் புகழுரையாக எழுதுவது நம் நோக்கமன்று. சென்னையில் 413 ரன்னில் பங்கு கொண்ட அதே மனிதர், அதற்கு முன் 1952ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் ஏழு முறை மட்டை பிடித்து, ஐந்து முறை ஒரு ரன்னும் எடுக்காமல் வெளியேறியவர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வோர் அவரை அறியாதவரே. இரண்டையும் சேர்த்து வைத்து நோக்கினாலன்றித் துவக்க ஆட்டக்காரர் ஒருவருடைய உழைப்பின் தன்மை விளங்காது.

துவக்க ஆட்டக்காரரின் தொழில்

பதினொருவர் கொண்ட அணியில் முதலில் இறங்கும் இருவருக்கு உள்ள பொறுப்பு மற்ற ஒன்பது பேருக்கும் இல்லை. பந்து அப்போது புதியது, அதன் தையல் எழும்பி நிற்கும், மேற்பூச்சு பளபளவென்றிருக்கும். அத்தகைய பந்து காற்றில் வளைந்து வரும். தரையில் தையல் பட்ட மாத்திரத்தில் எதிர்பாராத பக்கம் திரும்பும். பந்து வீசுவோரும் களைப்பறியாத நேரம் அது. ஆடுகளம் எத்தகையது என்பதை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. ஐந்தாவதாக இறங்குபவர் தமக்கு முன் ஆடியவர்களின் அனுபவத்தைக் கண்டு கற்றுக்கொள்ளலாம். துவக்க ஆட்டக்காரரோ தாமே பட்டுத்தான் அறிய வேண்டும்.

பங்கஜ் ராய் ஆடிய காலத்தில் இத்துன்பங்களோடு வேறு சிலவும் இருந்தன. தலைக்கவசம் என்பது டெஸ்ட் பந்தயங்களில் 1970களின் இறுதியில்தான் வழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் ஆடியவர்கள் தலையில் தொப்பியோடோ வெறுந்தலையோடோ நின்றே வேகப்பந்தைச் சந்தித்தனர். இங்கிலாந்தில் அக்காலத்தில் மழை பெய்தால் ஆடுகளம் பெரும்பாலும் நனைந்துவிடும். நனைந்த தரையில் பந்து சீறி எழும். எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று நம் நாட்டிலேயே இருந்தது. உள்நாட்டுப் பந்தயங்களில் உண்மையான வேகப்பந்து வீச்சாளர் மிக அரியர். மெதுவான ஆடுகளங்களில் சுழற்பந்தை ஆடிப் பழகிய இளைஞர், கடல் கடந்து சென்ற பின்னரே மெய்யான வேகத்தை முதன் முதலாகக் காண நேர்ந்தது. நீச்சல் குளத்தில் பழகியவனை வெள்ளப் பெருக்கில் இறக்கிவிட்டது போன்ற நிலை அது.

எழுச்சி

பங்கஜ் ராய் 1928ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். வங்காளத்தில் பிறந்த இளைஞருக்குக் கால்பந்தும் இயல்பாக வருவதுதானே! ஸ்போர்ட்டிங் யூனியன் கழகத்துக்காக அவர் கால்பந்தும் ஆடினார். எனினும் அவருக்குப் பெயர் தேடித் தந்தது கிரிக்கெட்டே. 1946-47ஆம் ஆண்டுப் பருவத்தில் வங்காள அணிக்காக அவர் ஆடிய முதல் ரஞ்சிப் பந்தயத்திலேயே சதம் அடித்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

1951-52இல் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. டில்லியில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்தில் ராய் இந்திய அணியில் இடம் பெற்றார். அங்கே அவர் குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் செய்யவில்லை. அடுத்து பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் நடந்த இரண்டாவது பந்தயத்தில் 140 ரன் எடுத்தார். அதே இன்னிங்ஸில் அணித் தலைவர் விஜய் ஹஸாரே 155 எடுத்தார். இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் தம் இரண்டாவது டெஸ்டிலேயே இத்தனை உறுதியுடன் ஆடியது இந்தியா நெடுநாளாகத் தேடிய துவக்க ஆட்டக்காரர் கிடைத்துவிட்டார் என்ற நம்பிக்கையை எழுப்பியது.

அந்நம்பிக்கையைச் சென்னை உறுதிப்படுத்தியது. 1952 பிப்ரவரி 6ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஐந்தாவது டெஸ்ட் தொடங்கியது. அன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு நாளாக ஆக்கப்பட்டது. பந்தயம் மீண்டும் தொடங்கியபோது இங்கிலாந்தின் 266 ரன்னுக்குப் பதிலாக இந்தியா ஆடத் தொடங்கியது. மூத்தவரான முஷ்டாக் அலியுடன் களமிறங்கிய பங்கஜ் ராய் 111 ரன் எடுத்தார். பின்னர் பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 எடுக்க, இந்தியா 9 விக்கெட்டுக்கு 457 என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் வீழ்த்தியிருந்த வினூ மன்கட், இரண்டாவதிலும் நான்கு விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 183 ரன்னில் வீழ்ந்தது. இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் இந்தியா வென்றது.

1932ஆம் ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடியது தொட்டு இருபது ஆண்டுகள், இருபத்து நான்கு பந்தயங்கள் வெற்றியின்றிக் கழிந்திருந்தன. இருபத்தைந்தாவது பந்தயத்தில் கிட்டிய வெற்றி இது. சென்னையின் ஸி. டி. கோபிநாத்தும் அவ்வணியில் இருந்தார். மகாராஷ்டிரத்தின் ஹஸாரே, சௌராஷ்டிரத்தின் மன்கட், இந்தூரின் முஷ்டாக் அலி, பம்பாயின் உம்ரிகர், வங்காளத்தின் ராய் யாவரும் கூடி, சுதந்திரம் பெற்ற நாட்டுக்குச் சேப்பாக்கத்தில் தேடித் தந்த வெற்றி என்று அதனைச் சொல்லுதல் தகும்.

1952இன் கோடை

அவ்வெற்றியின் களிப்பு அடங்குமுன் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. ஜூன் 5ஆம் நாள் லீட்ஸ் நகரில் முதல் டெஸ்ட். பங்கஜ் ராய் இருபத்து நான்கு வயது நிறைந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. முதல் இன்னிங்ஸில் 19 ரன் எடுத்தார். அதற்குப் பின் நடந்தது இந்திய கிரிக்கெட்டில் எவரும் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி. ஜூன் 7ஆம் நாள் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது. தம் முதல் டெஸ்டை ஆடிய பிரெட் ட்ரூமன் என்ற யார்க்ஷயர் வாலிபர் புதுப்பந்துடன் ஓடி வந்தார். மறுமுனையில் அனுபவம் மிக்க அலெக் பெட்ஸர். பங்கஜ் ராய், தத்தா கெய்க்வாட், மாதவ் மந்திரி, விஜய் மஞ்ச்ரேக்கர் என நால்வர் வந்த வழியே திரும்பினர். ரன் பலகையில் நான்கு விக்கெட் விழுந்ததாகக் காட்டிற்று. ரன் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமே நின்றது.

லார்ட்ஸில் நடந்த இரண்டாவது டெஸ்டில் நிலைமை சற்றுச் சீர்பட்டது. வினூ மன்கட் அணியில் சேர்ந்தார். ராயும் அவரும் முதல் விக்கெட்டுக்கு 106 ரன் சேர்த்தனர். அதில் ராயின் பங்கு 35. ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் ராய்க்குப் பூஜ்யமே கிட்டியது. மான்செஸ்டரில் ஜூலை 19ஆம் நாள் ஈரமான ஆடுகளத்தில் இந்திய அணி ஒரே நாளில் இரண்டு முறை ஆட்டமிழந்தது. எடுத்த ரன்கள் 58, 82. ட்ரூமன் முதல் இன்னிங்ஸில் 31 ரன்னுக்கு 8 விக்கெட் வீழ்த்தினார். அன்று இரு இன்னிங்ஸிலும் ராய் எடுத்தது பூஜ்யம். இறுதியாக ஓவல் மைதானத்தில் இந்தியா 6 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்தது. அந்த ஐவருள்ளும் பூஜ்யம் எடுத்தவராக ராய் இருந்தார். மழையினால் அப்பந்தயம் முடிவின்றி நின்றது.

ஆக, 19, 0, 35, 0, 0, 0, 0. ஏழு இன்னிங்ஸில் 54 ரன்.

இவ்வெண்களுக்கு நியாயம் கற்பிப்பது எளிது. ஆடுகளம் ஈரமாயிருந்தது எனலாம். அணி முழுவதுமே வீழ்ந்தது எனலாம். அவை உண்மையே. ஆயினும் மன்கட் அதே லார்ட்ஸில் 72ம் 184ம் எடுத்தார். ஹஸாரேயும் அத்தொடரில் பலமுறை உறுதியுடன் நின்றார். ஆகையால் இளைஞராகிய ராயிடம் அப்போது இருந்த குறையை மறைப்பதற்கில்லை. பம்பாயிலும் சென்னையிலும் சதம் அடிக்கப் போதுமாயிருந்த வித்தை, ட்ரூமனின் வேகத்திற்குப் போதவில்லை. அவருக்குத் தெரியாத பாடம் ஒன்று எஞ்சியிருந்தது. அதனை அவர் கற்றுத் தேர்ந்தாரா என்பதே அவர் வாழ்வின் கேள்வி.

கிங்ஸ்டன் தந்த விடை

விடை வர ஓராண்டு கூட ஆகவில்லை. 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. மார்ச் மாத இறுதியில் கிங்ஸ்டனில் தொடங்கிய ஐந்தாவது டெஸ்டில் ராய் முதல் இன்னிங்ஸில் 85 ரன் எடுத்தார். இந்தியா எடுத்த 312 ரன்னுக்கு எதிராக மேற்கிந்தியர் 576 குவித்தனர். வொரெல், வீக்ஸ், வால்காட் ஆகிய மூவரும் சதம் அடித்தனர்; வொரெல் எடுத்தது 237. இந்தியா 264 ரன் பின்தங்கியது. தொடரில் ஏற்கெனவே ஒரு பந்தயம் தோற்றாயிற்று. இப்பந்தயமும் கைவிட்டுப் போகும் நிலை.

இரண்டாவது இன்னிங்ஸில் மாதவ் ஆப்டேயுடன் இறங்கிய ராய் முதல் விக்கெட்டுக்கு 80 ரன் சேர்த்தார். பின்னர் மஞ்ச்ரேக்கருடன் கூடி இரண்டாவது விக்கெட்டுக்கு 237 ரன் குவித்தார். மஞ்ச்ரேக்கர் எடுத்தது 118. ராய் எடுத்தது 150. லீட்ஸில் ரன் ஏதுமின்றி அடுத்தடுத்து வெளியேறிய நால்வருள் இருவர் இவர்களே என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். இந்தியா 444 ரன் எடுத்தது. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

413 என்னும் எண் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. கிங்ஸ்டனின் 150 அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் கருத்தில் ராயின் ஐந்து சதங்களிலும் தலையாயது கிங்ஸ்டன் சதமே. எதிரியின் மண்ணில், 264 ரன் பின்தங்கிய நிலையில், பத்து மாதங்களுக்கு முன் நாடே இகழ்ந்த ஒருவர் ஆடிய ஆட்டம் அது. அது இல்லையேல் சென்னையின் 413ஐயும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டிருப்பர்.

மன்கட்டும் ராயும்

1955ஆம் ஆண்டின் இறுதியில் நியூஸிலாந்து அணி முதன் முறையாக டெஸ்ட் தொடருக்கென இந்தியா வந்தது. கல்கத்தாவில் நான்காவது டெஸ்ட் டிசம்பர் 28இல் தொடங்கியது. முதல் இன்னிங்ஸில் இந்தியா 132 ரன்னுக்கு ஆட்டமிழந்து 204 ரன் பின்தங்கியது. இரண்டாவது இன்னிங்ஸில் ராய் சரியாக 100 ரன் எடுத்தார். ஈடன் தோட்டத்தில், தம் ஊரார் முன்னிலையில், அவர் அடித்த ஒரே டெஸ்ட் சதம் அதுதான். பந்தயம் காப்பாற்றப்பட்டது.

சில நாட்களுக்குள் சென்னையில் ஐந்தாவது டெஸ்ட். இம்முறை சேப்பாக்கத்தில் அன்று. பெரியமேட்டை ஒட்டிய மாநகராட்சி விளையாட்டரங்கில். நேரு ஸ்டேடியம் என்று பின்னர் பலரும் அழைத்த இடம் அதுவே. அங்கு நடந்த முதல் டெஸ்ட் பந்தயமும் அதுதான். 1956 ஜனவரி 6ஆம் நாள் மன்கட்டும் ராயும் களமிறங்கினர். அன்று மாலை ஆட்டம் நின்றபோது இந்தியா விக்கெட் இழப்பின்றி 234. இருவரும் சதம் கடந்திருந்தனர்.

மறுநாளும் ஆட்டம் தொடர்ந்தது. முதல் விக்கெட்டுக்கு அதுவரை உலகச் சாதனையாக இருந்தது 359. தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரில் 1948இல் இங்கிலாந்தின் ஹட்டனும் வாஷ்புரூக்கும் சேர்த்தது. அதனைச் சென்னையில் மன்கட்டும் ராயும் கடந்தனர். 400ஐயும் தாண்டினர். 413இல் ராய் 173 ரன்னுக்கு ஆட்டமிழந்தார். அதற்கு முன் எந்த டெஸ்ட் பந்தயத்திலும் முதல் விக்கெட் ஜோடி ஒன்று 400 ரன்னை எட்டியதில்லை. மன்கட் 231 எடுத்தார். ஓர் இந்தியர் ஒரே இன்னிங்ஸில் எடுத்த மிக உயர்ந்த எண்ணிக்கையாக அது 1983 வரை நீடித்தது. அதனைக் கடந்து சுனில் கவாஸ்கர் 236 எடுத்ததும் சென்னையில்தான். இந்தியா 3 விக்கெட்டுக்கு 537 என்ற நிலையில் நிறுத்திக்கொண்டது; சுபாஷ் குப்தேயும் மன்கட்டும் சுழற்பந்தால் நியூஸிலாந்தை இருமுறை வீழ்த்தினர். இந்தியா இன்னிங்ஸும் 109 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. நியூஸிலாந்தின் பந்து வீச்சு வலிமை குறைந்தது. ஆடுகளம் மட்டையாளர்க்கு உகந்தது என்பர். அக்கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. நியூஸிலாந்து அதுவரை ஒரு டெஸ்ட் பந்தயமும் வென்றதில்லை. அதன் முதல் வெற்றி 1956 மார்ச்சில், மேற்கிந்திய அணிக்கு எதிராக, ஆக்லந்தில் கிடைத்தது. ஆனால் அந்நாளில் எளிய ஆடுகளங்களும் எளிய பந்து வீச்சும் பிறர்க்கும் வாய்த்தே இருந்தன. வாய்ப்பு வாய்த்தோர் பலர். நானூறு வரை சோர்வின்றி, பொறுமை இழக்காமல், இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி ஓடியவர் இவ்விருவரே. ஜாம்நகரில் பிறந்த குஜராத்தியும் கல்கத்தா வங்காளியும் தமிழ்நாட்டில் சேர்ந்து செய்த சாதனை என்பதனாலும் அதற்கு ஒரு பெருமை உண்டு.

பிற்காலம்

சாதனைக்குப் பின் வந்த ஆண்டுகள் இன்பமும் துன்பமும் கலந்தவை. 1959இல் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. லார்ட்ஸில் நடந்த இரண்டாவது டெஸ்டின்போது அணித் தலைவர் தத்தா கெய்க்வாட் உடல்நலமின்றி இருந்தமையால், தலைமைப் பொறுப்பு பங்கஜ் ராயிடம் வந்தது. லீட்ஸில் ரன் இன்றி வெளியேறிய இளைஞர், ஏழு ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் இந்தியாவின் தலைவராக நாணயம் சுண்டச் சென்றார். பந்தயம் தோல்வியில் முடிந்தது; ஆயினும் ராம்காந்த் தேசாயின் வேகப்பந்தினால் இங்கிலாந்து ஒரு கட்டத்தில் 80 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தவித்தது. ராய் தலைமை தாங்கிய டெஸ்ட் அது ஒன்றுதான்.

அவ்வாண்டு டிசம்பரில் டில்லியில் ஆஸ்திரேலிய அணிக்கு எதிரான டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா எடுத்த மொத்தம் 206. அதில் ஏறக்குறைய பாதி ராயுடையது: 99. டெஸ்டில் 99இல் ஆட்டமிழந்த முதல் இந்தியர் அவரே. ஆறாவது சதம் ஒரு ரன்னில் தவறிற்று; பின்னர் அது கிட்டவே இல்லை. 1960 டிசம்பரில் பம்பாயில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியதோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. 43 பந்தயங்களில் 79 இன்னிங்ஸ் ஆடி 2,442 ரன் எடுத்திருந்தார்; சராசரி 32.56. அக்காலத்தில் மன்கட், கெய்க்வாட், ஆப்டே, பஞ்சாபி, காண்ட்ராக்டர் என மறுமுனைத் துணைவர் மாறிக்கொண்டே இருந்தனர். இவர் மட்டும் பெரும்பாலும் நிலையாக நின்றார்.

கதை அங்கு முடியவில்லை. இந்திய மட்டையாளர்க்கு மெய்யான வேகப்பந்தில் பயிற்சி இல்லை என்ற பழைய குறையைப் போக்க, கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1962-63இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நான்கு வேகப்பந்து வீச்சாளரை வரவழைத்து உள்நாட்டு அணிகளில் ஆடச் செய்தது. அவர்களுள் மிகக் கடுமையானவர் எனப் பெயர் பெற்ற ராய் கில்கிறிஸ்ட் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். ரஞ்சிப் பந்தயத்தில் வங்காளமும் ஹைதராபாத்தும் மோதின. முப்பத்து நான்கு வயதை அடைந்துவிட்ட பங்கஜ் ராய் அப்பந்தயத்தில் இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார்: 112, 118. டெஸ்ட் அணியில் இடம் இல்லை. நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. எனினும் பத்தாண்டுகளுக்கு முன் ட்ரூமனிடம் தாம் பட்ட கடனை அன்று அவர் வட்டியோடு தீர்த்துவிட்டார் எனலாம்.

இந்திய அரசு 1975இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2001 பிப்ரவரி 4ஆம் நாள் அவர் காலமானார்.

மதிப்பீடு

அவர் மறைந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்த பின், 2006 ஜனவரியில், லாஹூரில் வீரேந்தர் சேவாகும் ராகுல் டிராவிடும் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 410 ரன் எடுத்தனர். மூன்று ரன்னில் பழைய சாதனை தப்பியது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்ஸியும் சிட்டகாங்கில் வங்கதேச அணிக்கு எதிராக 415 எடுத்தபோதுதான் உலகச் சாதனை கைமாறிற்று. முதல் விக்கெட்டுக்கு இந்திய ஜோடிகள் சேர்த்தவற்றுள் சென்னையின் 413ஐ அதன் பின்னரும் எந்த ஜோடியும் எட்டவில்லை.

சராசரி 32.56 என்பதை மட்டும் பார்க்கும் இளைஞர்கள், பின்வந்த கவாஸ்கரோடும் சேவாகோடும் ஒப்பிட்டு, இவர் என்ன பெரியவர் என்று கேட்கக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கும்போது அது எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். ராய்க்கு முன்னால் வேகப்பந்தை ஆடிக் காட்டி வழிகாட்டிய துவக்க ஆட்டக்காரர் இந்தியாவில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பின்வந்தோர்க்குத் தலைக்கவசம் கிடைத்தது. வேகப்பந்துப் பயிற்சி கிடைத்தது. மூடிக் காக்கப்பட்ட ஆடுகளம் கிடைத்தது. ராய்க்குக் கிடைத்தது ட்ரூமன்.

மேலும், ஐந்து பூஜ்யங்கள் வாங்கியவரை மறுபடியும் அணியில் சேர்த்துக் கிங்ஸ்டனுக்கு அனுப்பியோரையும் நாம் நன்றியுடன் எண்ண வேண்டும். இக்காலத்தில் எத்துறையிலும் ஒருவர் ஒருமுறை தவறினால் அடுத்தவரைத் தேடும் அவசரம் மிகுந்திருக்கிறது. அன்று அவ்வாறு அவசரப்பட்டிருந்தால் கிங்ஸ்டனின் 150 இல்லை. ஈடன் தோட்டத்தின் 100 இல்லை. சென்னையின் 413ம் இல்லை. ஒருவரின் திறமையைக் காண்பதற்கு அவருடைய முயற்சி மட்டும் போதாது. காத்திருக்கும் மனம் படைத்த பெரியோரும் வேண்டும். நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் பேச்சும் ஆட்டமும் பயிற்றுவிக்கும் அன்பர்கள் இதனை உள்ளத்தில் இருத்திக்கொள்வார்களாக.

இறுதியாக ஒரு செய்தி. பங்கஜ் ராயின் குமாரர் பிரணாப் ராயும் துவக்க ஆட்டக்காரரே. இரண்டு டெஸ்ட் பந்தயங்களில் மட்டுமே அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. முதலாவது 1982 ஜனவரியில், இங்கிலாந்துக்கு எதிராக, சேப்பாக்கத்தில். முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்தது 6. இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 60. தந்தை தம் அணியோடு முதல் வெற்றியைக் கண்ட அதே மைதானத்தில், முப்பது ஆண்டுகளுக்குப் பின், மகன் மட்டை பிடித்தார். அவருடைய டெஸ்ட் வாழ்வில் மிக உயர்ந்த எண்ணிக்கை அந்த 60தான். கல்கத்தாவின் ராய் குடும்பத்துக்கும் சென்னைக்கும் உள்ள இந்த உறவை, இரு ஊர்களையும் தம் ஊராகக் கொண்ட நாம் நினைவில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போமாக.